மஞ்சள் துணி கட்டிய செடி

“இங்கியே குந்தியிருங்க சாரு, அசையாதீங்க. சுனையில ஒரு கேன் தண்ணி மொண்டுக்கினு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, வழிகாட்ட வந்த வெள்ளச்சி சரிவில் இறங்கி மறைந்துவிட்டாள். அசையாதே என்று தெய்வநாயகத்திடம் கடைசியாகச் சொன்னவன் எக்ஸ்ரே எடுக்கிற ஆள். மூச்சைப் பிடிக்கச் சொன்னான், விடச் சொல்ல மறந்துபோனான். பாறை சுட்டது. துண்டை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தும் சுட்டது. சித்திரை மாதம், ஒன்பது மணிக்கே மலை காய்ந்த ஓடு மாதிரி கிடந்தது. எதிரே, கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் அந்தச் செடி. ஆளுயரம். கிளைதோறும் துணி. மஞ்சள் துணி, வெளுத்துப்போன துணி, சாயம் போய் எலும்பு நிறத்துக்கு வந்துவிட்ட துணி, போன வாரம் கட்டிய மாதிரி பளீரென்று ஒன்று. துணிகளுக்கு நடுவே கொத்துக்கொத்தாய் வெள்ளைப் பூ. தேனீச் சத்தம். இதைப் பார்க்கத்தான் எழுபத்தேழு வயதில் ரயில், பஸ், அப்புறம் ஒரு ஜீப், அதற்கும் அப்புறம் இரண்டு மணி நேரம் இந்தக் கால். பார்க்க வந்தவர் பார்க்கவில்லை. பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்டைப்பையில் கடிதம். பெனாசிர் என்று ஒரு பெண், பாவட்டைக் குலம் முழுவதையும் புதிதாக எழுதுகிறாளாம், ஊர் ஊராக ஹெர்பேரியத்தில், காய்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கிற இடத்தில் உட்கார்ந்து, செடியை ஒட்டிவைத்த பழைய ஷீட்டுகளைப் புரட்டுகிறாளாம். மரியாதையான பெண். ‘ஐயா, தங்கள் ஷீட்டிலுள்ள பூங்கிளையும் காய்க்கிளையும் ஒரே செடியினுடையவை அல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. மாத முடிவுக்குள் தங்கள் கருத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன். இல்லையேல் பெயரை நீக்கிவிட உத்தேசம்.’ நீக்கிவிட உத்தேசம். ஆறு வருஷத்துக்கு முன், மனைவி போன பிறகு, ரேஷன் கார்டோடு போய் நின்ற தாலுகா ஆபீஸில், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் நிமிராமலே கேட்டாள், “சேர்க்கையா, நீக்கலா?” நீக்கல் என்றார். “பேரு?” மரகதம் என்றார். இப்போது இரண்டாம் தடவை. அதே பெயர், அவர் செடிக்கு வைத்தது. இந்தத் தடவை கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவள் ‘ஐயா’ போடுகிறாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே செடிதான். ஏறும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார். ஒரே செடி, ஒரே செடி, ஒரு காலுக்கு ஒன்றாக. துணி கட்டி அடையாளம் வைத்த செடி, தப்பாகப் போக வழி கிடையாது. நாற்பத்து மூன்று வருஷத்துக்கு முன் இதே சித்திரையில் இந்தச் சரிவில் பூவோடு ஒரு பாவட்டையைப் பார்த்தார். எடுத்தார். காய் இல்லாமல் ஒரு செடியைப் பற்றி முழுசாக எழுத முடியாது. காய்க்குத் திரும்பி வரவேண்டும், வந்தால் அதே செடியைக் கண்டுபிடிக்கவேண்டும். இந்தக் காட்டில் எல்லாப் புதரும் அண்ணன் தம்பி மாதிரி நிற்கும். மரகதம் சோற்றுப் பொட்டலத்தைச் சுற்றிக் கொடுத்த மஞ்சள் துணியைக் கிழித்து ஒரு முழத்தைக் கிளையில் கட்டினார். அவளுடைய பழைய புடவையின் முந்தி. ஆவணியில் வந்தார். தூறல். மலையே மூட்டத்துக்குள். நாலு மணிக்குக் கடைசி பஸ். வழிகாட்டி வேடியப்பன், இந்த வெள்ளச்சியின் அப்பன், முன்னால் நடந்தான். துணி தூரத்திலிருந்தே தெரிந்தது. செடி நிறையக் காய். “இதானே?” என்று கேட்டார். வேடியப்பன் பேச்சு எப்போதும் மெதுவாகத்தான் கிளம்பும், மேடேறுகிற லாரி மாதிரி. “அது வந்து சாரு…” என்றான். “வந்தா என்ன, போனா என்ன? வெட்டு” என்றார். வெட்டினான். அவ்வளவுதான். அந்த ‘அது வந்து’ எங்கே போயிற்று? நாற்பத்து மூன்று வருஷமாக அது அவர் ஞாபகத்துக்கே வரவில்லை. இன்று காலையில், ஏற்றத்தில், மூச்சு வாங்க நின்றபோது, வெள்ளச்சி கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். “உங்க துணி மேல ஏறி வந்த கதை தெரியுமா சாரு? நீங்க கட்டுனது கீழ, ஆட்டுத் தடத்தோரம். ஆடு கிளையக் கடிச்சி இழுத்துடுச்சி, துணி தரையில வுழுந்துடுச்சி. மஞ்சத் துணி மண்ணுல கெடக்கக் கூடாது இல்ல? யாரு கண்ணுல படுதோ அவங்க எடுத்து நல்ல செடியா பாத்துக் கட்டிடணும். எங்கம்மா எடுத்தாந்து பாறையாண்ட கட்டிட்டா. எனக்குக் காது குத்துன வருசம், நீங்க கட்டுன அதே வருசம், ஆடித் திருவிழாவுக்கு முந்தி. அதுக்கப்புறம் பாத்தவங்கெல்லாம் கட்ட ஆரம்பிச்சிட்டாங்க. நீங்க ஆரம்பிச்சி வெச்சதுதான். எம்மவளுக்கு ஏழு வருசம் புள்ள இல்ல, இங்க கட்டித்தான் பொறந்துது.” சிரித்தாள். அவரும் தலையாட்டினார். ஆடிக்கு முந்தி. அவர் வந்தது ஆவணி. தலையாட்டிக்கொண்டே இருந்தார், நிறுத்தத் தெரியாமல்.

அப்படியானால் பூ ஆட்டுத் தடத்துச் செடியில். காய் இந்தப் பாறைச் செடியில். இரண்டும் ஒரு ஷீட்டில், ஒரு எண்ணில், ஒரு பெயரில். இருக்கட்டும். இரண்டும் ஒரே ஜாதிச் செடியாகவும் இருக்கலாமே. அதுவும் பாவட்டை, இதுவும் பாவட்டை, அக்கா தங்கை மாதிரி இருபதடி தள்ளித் தள்ளி. அப்படி இருந்தால் பெயர் நிற்கும். இருக்கலாம். ஏன் இருக்கக் கூடாது? சாதாரணப் பாவட்டைக்குக் காய் மிளகளவு. அன்றைக்கு வெட்டிய காய் கொத்துக்கடலை அளவு, நடுவில் மெல்லிய பள்ளம். அந்தப் பள்ளத்தை வைத்துத்தானே புதிய இனம் என்று எழுதினார். பாவட்டையின் பூ, பாவட்டைக்கு இல்லாத காய். உலகத்தில் எங்கும் இல்லாத சேர்க்கை. எங்கும் இல்லாததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது என்று ஒரு குரல் உள்ளே கேட்டது. சும்மா இரு என்றார். வாய்விட்டே சொல்லிவிட்டார். பாறைப் பல்லி ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. வீட்டிலும் இப்படித்தான். குக்கரிடம் பேசுகிறார், கதவுத் தாழ்ப்பாளைத் திட்டுகிறார். அரை டம்ளர் அரிசிக்கு எத்தனை விசில் என்று இன்னும் பிடிபடவில்லை, ஒன்று குழைகிறது அல்லது வேகவில்லை. பவெட்டா மரகதே, லத்தீனில் மரகதத்தின் பாவட்டை. அச்சில் வந்த அன்று பத்திரிகையின் பிரதியை அவளிடம் காட்டினார். விரலை வைத்துக் காட்டினார், இதுதான் நீ என்று. அவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “இதுக்கு முள்ளு இருக்கா?” என்றாள். இல்லை என்றார். “முள்ளே இல்லாத செடிக்கு எம்பேரா? உங்க அம்மா நம்புவாங்களா?” என்றாள். பக்கத்து வீட்டுக்காரி என்ன வியாதிக்கு ஆகும் அந்தச் செடி என்று கேட்டதற்கு, “ஒண்ணுக்கும் ஆகாதாம், அதனாலதான் எம்பேரு வெச்சிருக்காரு” என்றாளாம். ஆனால் அந்தப் பிரதியைப் பீரோவில் கல்யாணப் புடவைக்குக் கீழே வைத்திருந்தாள். கீரைக்காரியிடம்கூடச் சொல்லியிருக்கிறாள், மலையில் எம்பேர்ல ஒரு செடி இருக்குது என்று. கீரைக்காரி அவள் போன பிறகு வந்து, “செடி இருக்குதுங்களா?” என்றுதான் முதலில் கேட்டாள். கூட்டிக்கொண்டு போங்க, ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று மரகதம் கேட்டாள். எத்தனை தடவை சொன்னாள்? அடுத்த வருஷம் என்றார். பஸ் சரியில்லை என்றார். உனக்கு ஏற முடியாது என்றார். அப்போது அவளுக்கு முப்பது வயது. ஏறியிருப்பாள். அவருக்கு முன்னாலேயே ஏறியிருப்பாள்.

காற்று திரும்பியது. வாசனை. கனமாக, இனிப்பாக, யாரோ ஊதுவத்தி ஏற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி. சுற்றிலும் பார்த்தார். ஊதுவத்தி இல்லை. பூதான். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டார், எதற்கென்று தெரியாமல். ஆஸ்பத்திரியில், பினாயில் நெடியில், கையில் ஊசியோடு படுத்துக்கொண்டு, சம்பந்தமே இல்லாமல் மரகதம் கேட்டாள். “ஏங்க, அந்தப் பூ வாசனையா இருக்குமா?” அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “நோட்டுல இல்ல” என்றார். உண்மை. களக்குறிப்பு நோட்டில் உயரம், பட்டை, இலை, பூ நிறம் எல்லாம் இருக்கிறது. மணம் என்ற இடத்துக்கு எதிரே வெறுமை. பூ எடுத்த அன்று அவருக்கு ஜலதோஷம். ஆவணியில் வந்தபோது பூவே இல்லை. அதை விளக்கியிருக்கலாம். அல்லது ஆமாம் வாசனைதான் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? “நோட்டுல இல்ல.” அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். கோபம் இல்லை. சும்மா திரும்பினாள். அதற்குப் பிறகும் பதினோரு நாள் இருந்தாள், அதைப் பற்றிக் கேட்கவில்லை. வேறு எதையோ கேட்டாள், பால்காரனை நிறுத்தினீர்களா என்று. கீழே எங்கோ சருகு நொறுங்கியது. வெள்ளச்சியா? இல்லை, நடை கனமாக இருக்கிறது. கரடி இலுப்பைப் பூவுக்கு வருகிற மாதம். வரட்டும். நின்றது. இங்கே விழுந்தால் வெள்ளச்சி வந்து பார்ப்பாள். வீட்டில் விழுந்தால் யார்? பேப்பர் மூன்று நாள் வாசலில் சேர்ந்தால் எதிர்வீட்டுக்காரர் சந்தேகப்படலாம், அதுவும் அவர் ஊரில் இருந்தால். ஆகவே இது நல்ல இடம். பைத்தியக்காரத்தனம். எழுந்து ஒரு இலையைக் கிள்ள வேண்டியதுதானே. ஒரு இலை. அரை நிமிஷ வேலை.

அரை நிமிஷ வேலையை முப்பது வருஷம் வகுப்பில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்தவர் அவர். பாவட்டையா? இலையைக் கிள்ளு, வெயிலுக்கு எதிரே பிடி. இலைக்குள் மை தெறித்த மாதிரி கரும்புள்ளி தெரிந்தால் பாவட்டை. தெரியாவிட்டால் வாயை மூடு. அந்தப் புள்ளிக்குள் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியிருக்கின்றன. அவை இல்லாமல் செடி தேறாது, செடியை விட்டால் அவற்றுக்கும் போக்கிடம் இல்லை. மரகதத்திடம் இதை ஒருமுறை சொன்னார். “அப்ப யாரு யாருக்குச் சமைச்சிப் போடறது?” என்றாள். வெளிச்சத்துக்குப் பிடிக்காமல் பெயர் சொன்ன ஒரு மாணவனை வகுப்பை விட்டே வெளியே அனுப்பினார். ஆவணித் தூறலில் அவர் பிடிக்கவில்லை. எந்த வெயிலுக்குப் பிடிப்பது? பஸ் வேறு. அழுத்துப் பலகையில் வைத்து இறுக்கினார், காயவைத்தார், பசை தடவி ஷீட்டில் ஒட்டினார். ஒட்டின இலையை யாராலும் வெளிச்சத்துக்குப் பிடிக்க முடியாது. பின்னால் அட்டை. நாற்பத்து மூன்று வருஷம், வந்து பார்த்த அத்தனை பேரும் அட்டையில் ஒட்டிய இலையைப் பார்த்தார்கள். பசை காப்பாற்றியது. பசைதான் அவளைக் காப்பாற்றி வைத்திருந்தது. இப்போது இந்தப் பெண் இலைக்காம்புகளுக்கு நடுவிலுள்ள செதில் இரண்டு கிளையிலும் வேறுவேறு மாதிரி இருக்கிறது என்கிறாள். நல்ல கண். அவருடைய மாணவியாக இருந்திருந்தால் மெச்சியிருப்பார். மெச்சியிருக்க மாட்டார். மனதுக்குள் மெச்சியிருப்பார். இப்படியே எழுந்து போய்விடலாம். ‘நேரில் பார்த்தேன், ஒரே செடிதான்’ என்று இரண்டு வரி. எழுபத்தேழு வயது ஆள் மலையேறிப் பார்த்துவிட்டு எழுதினால் அந்தப் பெண் எதிர்த்துப் பேச மாட்டாள். மரியாதையான பெண். மரியாதைக்காக விட்டுவிடுவாள். பெயர் நிற்கும். அவர் போன பிறகும் நிற்கும். நாற்பது வருஷம் கழித்து இன்னொருத்தி வருவாள், அதற்குள் யாருக்கு என்ன. கடிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்த மாணவன் பெயர் என்ன? திரும்ப உள்ளே கூப்பிட்டோமா, இல்லையா? எழுந்தார். முழங்கால் சத்தம் போட்டது. இலையைக் கிள்ளினார். சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

சுத்தமாக இருந்தது. பச்சைக் கண்ணாடி மாதிரி. நரம்பு, நரம்புக்குள் நரம்பு, வெளிச்சம். ஒரு புள்ளி இல்லை. வேறொன்றைக் கிள்ளினார். அதிலும் இல்லை. துணியை விலக்கிவிட்டு உள்கிளையிலிருந்து, முற்றின இலையாகப் பார்த்து. இல்லை. பூவை லென்ஸுக்கு அடியில் வைத்தார். நடுவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஊசியின் நுனி இரண்டாகப் பிளந்து விரிந்திருந்தது. பாவட்டை ஊசி பிளக்காது. லென்ஸ் வேர்வையில் மங்கியது, துடைத்தார், பிளந்துதான் இருந்தது. தேனீ ஒன்று லென்ஸின் மேலேயே வந்து உட்கார்ந்து பெரிதாகத் தெரிந்தது. அவர் இறங்கினார். ஆட்டுத் தடம் இருபதடி கீழே. நின்று இறங்க முடியாத இடத்தில் உட்கார்ந்து இறங்கினார், குழந்தை மாதிரி, பேண்ட் கிழிகிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. தடத்தோரம் மூன்று புதர். ஒன்று களா. ஒன்று காரை, முழங்கையைக் கீறியது. மூன்றாவது இடுப்புயரம்கூட இல்லை. ஆடு கடித்துக் கடித்து, துளிர்த்துத் துளிர்த்து, அடி மட்டும் மணிக்கட்டுப் பருமன். இரண்டே இரண்டு பூங்கொத்து. இலையை வெயிலுக்குப் பிடித்தார். மை தெறித்திருந்தது. எண்ணிப் பார்க்க முடியாத அளவு கரும்புள்ளி. பாவட்டை. காட்டுக்குக் காடு, வேலிக்கு வேலி நிற்கிற வெறும் பாவட்டை. போன வருஷக் காய் ஒன்று காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, மிளகளவு. மரகதே என்று ஒரு செடி எங்கும் இல்லை. இருந்ததும் இல்லை. அதன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. மேலே இருந்த அந்தக் கனத்த வாசனை இங்கே எட்டவில்லை. குனிந்தார். பூங்கொத்துக்குள் மூக்கை வைத்தார். ஒன்றும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை இழுத்தார். இருந்தது. மிக லேசாக. தலைக்குக் குளித்துவிட்டு ஒருத்தி அறையைக் கடந்து போன பிறகு இருக்குமே, அவ்வளவு.

“அசையாதீங்கன்னா அசையாம இருக்கணும். மேல காணோம்னதும் எனக்கு வவுத்துல நெருப்பு” என்று கத்திக்கொண்டே வெள்ளச்சி வந்து சேர்ந்தாள். கேனை நீட்டினாள். குடித்தார். பாதி சட்டையில் வழிந்தது. அவர் கையில் இருந்த இரண்டு இலைகளையும் தூக்கிக் காட்டி, “இதுக்கு என்ன பேரு?” என்றார்.

“இது பாவட்ட.”

“இது? மேல இருந்து எடுத்தது.”

“சுளுந்து. சாருக்குத் தெரியாதா? காஞ்ச குச்சியக் கட்டித் தீவட்டி கொளுத்துவோமே. பாறையில வேரு எறங்காம அது மரமாவே ஆவல, புதராவே நிக்குது.”

சுளுந்தை அவருக்குத் தெரியும். மரமாகத் தெரியும். “உங்கப்பனுக்குத் தெரியுமா, இது வேற அது வேறன்னு?”

“மலையில பொறந்தவனுக்கு சுளுந்து தெரியாதா?”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“எங்கப்பன் ஒரு வார்த்த பேசி முடிக்கறதுக்குள்ள ஆடு குட்டி போட்டுடும். நீங்க நின்னு கேட்டீங்களா?” என்றாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டு, “வந்தது வந்துட்டீங்க, ஒரு துணி கட்டிட்டுப் போங்க சாரு. எங்கிட்ட இருக்குது. யாரு பேருக்குன்னு மனசுல நெனச்சிக்கினு கட்டணும்” என்று மடியிலிருந்து ஒரு மஞ்சள் கிழிசலை எடுத்தாள்.

“வேணாம். கட்டின வரைக்கும் போதும்.”

அவள் வற்புறுத்தவில்லை. கிழிசலைத் திரும்ப மடியில் செருகிக்கொண்டு அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டாள். இரண்டடி போனதும் நின்றாள். “சாரு, அது வந்து…” என்றாள். அப்பனின் அதே இழுவை. வந்தா என்ன என்று அவர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினார். நின்றார். வெயிலில், ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு, அவள் வாயையே பார்த்தபடி காத்திருந்தார். நாற்பத்து மூன்று வருஷத்தில் யாருக்காகவும் அவ்வளவு நேரம் காத்திருந்ததாக அவருக்கு நினைவில்லை.

“அது வந்து… எறங்கையில எடது கால முன்னால வைங்க. வலது பக்கம் கல்லு உருளும்.”

“அவ்வளவுதானா?”

“வேற என்ன?”

தலையாட்டினார். “இரு. ஒண்ணு எழுதணும்” என்று சொல்லித் தோள்பையிலிருந்து அந்தப் பழைய நோட்டை எடுத்தார். பழுப்பேறிய பக்கத்தில் அவருடைய இளவயதுக் கையெழுத்து, அவசரமாக, சாய்வாக. எண். இடம். உயரம். பூ: வெள்ளை. மேலே தடித்த எழுத்தில் இருந்த பெயரின்மேல் பேனாவை வைத்தார், ஒரே கோடு, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இழுத்தார். பக்கத்தில் ‘வெறும் பாவட்டை’ என்று எழுதினார், தேதி போட்டார். அந்தப் பெண்ணுக்கு நாளைக்கு எழுதலாம். பிறகு விரலால் தடவிக்கொண்டே கீழே வந்தார். மணம் என்ற இடத்துக்கு எதிரே, நாற்பத்து மூன்று வருஷமாக வெறுமையாகக் கிடந்த கட்டத்தில், எழுத்து ஒவ்வொன்றாக, யாரோ படுத்துக்கொண்டே படிப்பதற்குத் தோதாகப் பெரிதாக எழுதினார்: உண்டு.